டவர் எடுக்காத போன்

பலாக்காட்டுப் புதூர்,
20.8.2013

அன்புத் தம்பி ராஜதுரைக்கு அக்கா நர்மதா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். தனுஷாவும் நன்றாக இருக்கிறாள். கள்ளக்குறிச்சித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கடையில் நின்றுகொண்டே பரோட்டாவைத் தின்று நாளைத் தள்ளாதே. மலையில் இந்த வருஷம் சாமை பழுதில்லை. மரவள்ளிக்குத்தான் மழை பத்தவில்லை என்று மாமா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரு போன் வேண்டும். பட்டன் போன் இல்லை. நீ கடையில் விற்கிறாயே, விரலால் தேய்க்கிற போன், அது. அதில் ஓடுகிற படம் பிடிக்க வேண்டும். சிரிக்காதே. வீட்டுக்குள்ளே இருந்து எடுத்தாலும் படம் தெளிவாக விழ வேண்டும். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் சட்டென்று எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வேண்டும்.

இன்னொன்று. ஆவணியில் வைத்த காது குத்தைத் தள்ளிப் போடலாம் என்று இருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே. பிள்ளையை இப்போது அழவிடக் கூடாது. தீபாவளி போகட்டும், பார்க்கலாம். வேறு ஒன்றும் இல்லை. தனுஷா நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஜீப் ஓட்டுகிற வேடியப்பன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறை இல்லாததால் மடித்து நூல் கட்டியிருக்கிறேன். அவர் கையில் போகிற கடிதம் மலை முழுக்க வாசித்து முடித்த பிறகுதான் கீழே இறங்கும். உனக்குப் பேசி வைத்திருக்கிற அபிநயா வீடும் அவர் போகிற வழியில்தான் இருக்கிறது. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
நர்மதா

•

கள்ளக்குறிச்சி,
28.8.2013

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கழுத்தெலும்பு எனக்குப் பிறவியிலேயே உள்ளது, அதற்குப் பரோட்டா பொறுப்பில்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். மருமகளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

நூலை வேடியப்பன் அண்ணன் அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருந்தார். நீ போடுகிற முடிச்சு எனக்குத் தெரியாதா? கடையில் வந்து நின்று, "உங்க அக்கா சினிமா எடுக்கப் போவுதாமே"ன்னு அவரே கேட்டுவிட்டார்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். கந்தசாமி அண்ணன் கடையில் இப்போது இரண்டு போன்தான் நன்றாக ஓடுகிறது. இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. ஒரே கறுப்பு, ஒரே அகலம். மேலே ஒட்டியிருக்கிற தாளைக் கிழித்துவிட்டால் எனக்கே எது எது என்று குழம்பும். வித்தியாசம் எல்லாம் சிம்மில்தான். சிம் கம்பெனிக்காரர்கள் கடை வாசலில் ஆளுக்கொரு குடையை நட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் குடையின் நிறத்தை வைத்தே கம்பெனியைக் கூப்பிடுவோம். முதல் போன் நீலக் குடைக்காரன் தன் சிம்மோடு சேர்த்து விற்பது. வேறு சிம்மைப் போட்டால் அது வாயைத் திறக்காது. ஆனால் உங்கள் மேட்டில் புதிதாக டவர் நட்டவன் அவன் ஒருத்தன்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டே என்னோடு பேசலாம். இரண்டாவதில் மஞ்சள் குடை, பச்சைக் குடை எது வேண்டுமானாலும் போடலாம். கேமராவும் ஒசத்தி, லைட் வேறு இருக்கிறது. என்ன பிரயோசனம்? அந்த சிம் எதற்கும் வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் டவர் இல்லை.

போன் எதற்கு? பேசத்தானே. முதல் போனையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

காது குத்து பற்றி ஒன்று சொல்லவா? வருத்தம்தான் அக்கா. அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். உனக்குத் தாய்வீடு என்று இருப்பது நான் ஒருத்தன். மருமகளை மடியில் உட்கார வைக்கிற உரிமை எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கம்மலைக்கூட வாங்கி வைத்துவிட்டேன். பிள்ளை என்றால் அழத்தான் செய்யும். அழாமல் யாருக்குக் காது குத்தியிருக்கிறார்கள்? என் மேல் ஏதாவது குறை என்றால் நேராகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி ராஜதுரை

•

பலாக்காட்டுப் புதூர்,
9.9.2013

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அனைவரும் சுகம். மாமா சாமை அறுப்பில் இருக்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி, மற்றபடி குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

உன் மேல் எனக்கு என்னடா குறை? அப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? மடி உன்னுடையதுதான். உன் மடியில் தவிர வேறு யார் மடியிலும் அவளுக்குக் காது குத்த மாட்டேன். கம்மலைப் பத்திரமாக வை.

போன் பற்றி. எனக்கு டவர் வேண்டாம். யாரோடும் பேச வேண்டாம். நான் கேட்கிறதற்கு மட்டும் பதில் சொல். இருட்டில் படம் விழுமா? எங்கள் வீட்டில் சன்னல் ஒன்றுதான், அதுவும் கை அகலம். கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தி. சில சமயம் கதவையும் சாத்திவிடுகிறோம். அந்த நேரத்தில் எடுத்தாலும் மூஞ்சி நிறம் தெரிய வேண்டும். உதடு தெரிய வேண்டும். கை கால் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். எடுத்த படத்தை ஒருவரிடம் காட்ட வேண்டும், அவர் மாதத்துக்கு ஒரு முறைதான் வெள்ளிமலைக்கு வருகிறார். எதற்கு என்று கேட்காதே. அந்த லைட் இருக்கிற போன் என்றால் அதையே வாங்கி அனுப்பு.

அபிநயா வீட்டில் ஏதாவது பேச்சு வந்ததா? தை மாதம் தட்டு எடுத்துக்கொண்டு நான்தான் முன்னால் போக வேண்டும். அதுவரை நம் வீட்டைப் பற்றி ஒரு பேச்சு வரக் கூடாது. நல்ல இடம், நல்ல பெண். அது உனக்கு அமைந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

தனுஷா இப்போது "மாமா" என்று சொல்கிறாள். கோழியைப் பார்த்தும் மாமா என்றுதான் சொல்கிறாள், அதனால் ரொம்பப் பெருமைப்படாதே.

அன்புடன்,
அக்கா நர்மதா

•

கள்ளக்குறிச்சி,
22.9.2013

பாசமுள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேடியப்பன் அண்ணன் கேட்காமலேயே சொல்லிவிட்டார்.

போனை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். திட்டாதே. நீலக் குடை போன்தான். உன் பேச்சைக் கேட்டு மற்றதை வாங்கியிருந்தால் நாளைக்கு நீயே என்னைத் திட்டுவாய். எங்கள் கடைக்கு வருகிற மலைக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கிற முதல் கேள்வி, "எங்க ஊர்ல டவர் எடுக்குமா?" அதைக் கேட்காத ஒரே ஆள் நீதான். டவர் இல்லாத போனை வைத்துக்கொண்டு மூஞ்சி நிறம் பார்க்கவா? கண்ணாடி வாங்கிக்கொள்ளேன். ஒரு அவசரம் ஆத்திரம் என்றால் பேச வேண்டாமா? இதிலும் கேமரா இருக்கிறது, பகலில் எடுத்துப் பார்த்தேன். கந்தசாமி அண்ணனின் வழுக்கை நன்றாகவே விழுந்தது.

இது தாய்வீட்டுச் சீர். காது குத்துக்குக் கொடுக்க நினைத்தது, நீங்கள்தான் தள்ளிப் போட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. என் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே பேசு. காத்திருப்பேன்.

தம்பி,
ராஜதுரை

•

பலாக்காட்டுப் புதூர்,
3.11.2013

அன்புத் தம்பிக்கு,

நலமே. தீபாவளி நல்லபடி போனது. நீ வராதது ஒரு குறை.

உன்னோடு பேசவில்லை என்று கோபமாக இருப்பாய். போன் நல்ல போன். டவர் நாலு கோடு காட்டுகிறது. மாமா பெங்களூரில் இருக்கிற அவர் சித்தப்பா மகனோடு பேசினார். எனக்குத்தான் உன் குரலைக் கேட்டால் எதையும் மறைக்க முடியாது என்று தோன்றியது, அதனால் பேசவில்லை.

படம் விழவில்லை தம்பி. கறுப்பாக இருக்கிறது. போனை இத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், மாற்றித் தர முடியுமா என்று கந்தசாமி அண்ணனிடம் கேள். எனக்கு அந்த லைட் போன்தான் வேண்டும். இரண்டு மாதம் வீணாகிவிட்டது.

காது குத்து தையிலும் வேண்டாம். பிறகு சொல்கிறேன்.

உன் அக்கா

•

கள்ளக்குறிச்சி,
8.11.2013

அன்புள்ள அபிநயாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? நம்மைப் பேசி வைத்த பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம். நல்லதாக நாலு வரி எழுத நினைத்திருந்தேன். அது இன்னொரு நாள். தபாலில் ஒட்டி அனுப்புகிறேன், ஜீப்பில் கொடுக்கவில்லை.

என் அக்கா ஒரு போனைத் திருப்பி அனுப்பினாள். படம் கறுப்பாக இருக்கிறதாம். கடையில் திரும்ப விற்க முடியாது, நானே வைத்துக்கொள்ளலாம் என்று திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு படம் அழிக்காமல் கிடந்தது. அழிக்கிறது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெறும் இருட்டு. சத்தம் மட்டும் கேட்டது. என் மருமகள் தனுஷா அழுகிறாள். வீறிட்டு அழுகிறவள் பாதியில் நின்றுபோகிறாள். ஒரு சத்தமும் இல்லை. அக்கா, "தனுஷா, தனுஷா"ன்னு கூப்பிடுகிறாள். அத்தையின் குரல், "கதவச் சாத்துடி. சாவிய கையில குடு. வெளிய தெரிஞ்சா உன் தம்பி கல்யாணம் நின்னு பூடும்" என்கிறது. பிறகு ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை முனகுகிறது.

கையில் சாவி கொடுப்பது எதற்கு என்று உனக்கும் தெரியும். பிள்ளைக்கு வலிப்பு வருகிறது போல. அதை யாரோ டாக்டரிடம் படம் பிடித்துக் காட்டத்தான் அக்கா மூன்று மாதமாக என்னிடம் போன் கேட்டிருக்கிறாள். நான் டவர், டவர் என்று சொல்லி அவளைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அழவிடக் கூடாது என்றுதான் காது குத்தைத் தள்ளியிருக்கிறாள். அதற்கும் நான் கோபித்துக்கொண்டேன்.

அவள் மறைத்தது நம் கல்யாணத்துக்காக. ஆனால் உன்னிடம் மறைத்துவிட்டு உன் கழுத்தில் தாலி கட்ட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் இப்படி ஒரு நோய் இருக்கலாம். உனக்கோ உன் வீட்டுக்கோ சங்கடம் என்றால் இப்போதே சொல்லிவிடு. யார் மேலும் வருத்தம் இருக்காது. எனக்கு இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்கு மட்டும் நான் சொன்னது தெரிய வேண்டாம்.

ராஜதுரை

•

ஆத்துக்கொட்டாய்,
15.11.2013

உங்களுக்கு அபிநயா எழுதுவது. வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்தது. கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தார். அம்மா ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார். அப்பா, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா சம்பந்தத்த முறிக்கறதா? போய் சோத்தப் போடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

என்னைக் கேட்டால், நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்க வேண்டாம். அதுக்கு நான் இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.

அக்காவுக்கு முதலில் சரியான போனை அனுப்புங்கள்.

அபிநயா

•

கள்ளக்குறிச்சி,
19.11.2013

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் நலம். தனுஷாவையும் உன்னையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

போனை மாற்றி அனுப்பியிருக்கிறேன். இன்னொரு போனைக் கடனுக்குத் தர கந்தசாமி அண்ணன் முதலில் முனகினார், பிறகு அவரே லைட்டைப் போட்டுக் காட்டினார். மஞ்சள் குடை சிம் போட்டிருக்கிறது. உங்கள் ஊரில் டவர் எடுக்காது. எடுக்க வேண்டாம்.

நான் சொல்வதைக் கவனமாகப் படி. திரையில் இடது ஓரத்தில் கேமரா படம் இருக்கும், அதைத் தொடு. பிறகு மின்னல் மாதிரி ஒரு கோடு தெரியும், அதைத் தொட்டால் லைட் எரியும். அப்புறம் சிவப்புப் புள்ளி. அதை ஒரு தரம் தொட்டால் ஓட ஆரம்பிக்கும். திரும்பத் தொடும்வரை நிற்காது. கையில் பிடித்துக்கொண்டு எடுக்காதே. அரிசி டின் மேல் சொம்புக்குச் சாய்த்து வைத்துவிடு. உன் இரண்டு கையும் உனக்கு வேண்டியிருக்கும். கதவு சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, லைட் போதும். சார்ஜ் எப்போதும் இருக்கட்டும். கரண்ட் வந்ததும் முதல் வேலை அதுதான்.

காது குத்து எப்போது என்று நான் இனிமேல் கேட்க மாட்டேன். நீ சொல்கிற அன்று மடியோடு வந்து உட்காருவேன். கம்மல் எங்கும் போய்விடாது.

உன் தம்பி,
ராஜதுரை

•

பலாக்காட்டுப் புதூர்,
18.12.2013

என் தம்பி ராஜதுரைக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகம். வெள்ளிமலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கிருந்தே பேசலாம் என்று பஸ் ஸ்டாண்டில் போனை எடுத்தேன். டவர் இருந்தது, அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

கதவு சாத்தியிருந்தாலும் பரவாயில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். எப்படித் தெரிந்தது என்று அப்புறம் சொல். நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நடை பழகும்போது தனுஷா வாசப்படியில் விழுந்தாள். அழுதாள். அழுகை நடுவில் நின்றது. வாய் திறந்தபடி இருக்கிறது, மூச்சு இல்லை. உதடு நீலமாகிவிட்டது. அப்படியே துவண்டு, கை கால் இரண்டு வெட்டு வெட்டியது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு தானாக மூச்சு வந்தது. அதிலிருந்து பொம்மையைப் பிடுங்கினால், விழுந்தால், யாராவது அதட்டினால், அதே மாதிரிதான். அத்தை கையில் சாவியைத் திணிப்பார், கதவைச் சாத்துவார். பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் அவள் வாழ்க்கையும் போகும், உன் கல்யாணமும் நிற்கும் என்று பயம். எனக்கும் அதே பயம்தான். அவர்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன்.

வெள்ளிமலைக்கு மாதம் ஒரு தடவை வருகிற குழந்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். நாங்கள் போகிற நேரத்தில் இவள் சிரித்துக்கொண்டு அவருடைய கழுத்து மாலையைப் பிடித்து இழுக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவருக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வலிப்பு என்றால் வருஷக்கணக்கில் மாத்திரை தர வேண்டும், இல்லை என்றால் தரக் கூடாது, அதனால் யாராவது போனில் படம் பிடித்துக் கொண்டுவந்தால் நல்லது என்றார். அன்று வீட்டுக்கு வந்துதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

போன வாரம் பூனை பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டதற்கு அழுதாள். நீ சொன்ன மாதிரியே சொம்புக்குச் சாய்த்தேன். அத்தை கதவைச் சாத்தினார். லைட் எரிந்தது. இத்தனை மாதமும் இருட்டிலேயே பார்த்த மூஞ்சியை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன் தம்பி. நீலம் ஏறுவதும் தெரிந்தது, அது இறங்கி நிறம் திரும்புவதும் தெரிந்தது.

டாக்டரம்மா இன்று அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். துவள்வதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்தார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, "இது வலிப்பு இல்லம்மா" என்றார். அழும்போது மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, உள்ளே இழுக்காமல் அடக்கிக்கொள்கிறாளாம். சில பிள்ளைகளுக்கு இப்படி உண்டாம். நாலைந்து வயசுக்குள் தானாகப் போய்விடுமாம். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தார். அப்படி வரும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். உலுக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. சாவியும் வேண்டாமா என்று அத்தைக்காகக் கேட்டேன். சிரித்துவிட்டு, சாவியைப் பூட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். மாமாவும் அழுதார், தூசி விழுந்துவிட்டது என்றார். பிள்ளை எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்துவிட்டு பிஸ்கட் கேட்டது.

மாசியில் காது குத்து. நீயே நாள் பார்.

இப்படிக்கு,
பயம் தீர்ந்த உன் அக்கா

•

கள்ளக்குறிச்சி,
24.12.2013

என் அக்காவுக்கு,

எனக்கும் இன்றைக்குத்தான் சுகம்.

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துவிட்டேன். "வலிப்பு இல்ல" என்கிற இடம் வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எதிரில் நின்ற ஆள் ரீசார்ஜ் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் அழுதுகொண்டே இருக்கிறேன். கந்தசாமி அண்ணன் என்னை உள்ளே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். யாரும் சாகவில்லை அண்ணே என்றதும் இன்னொரு டீ சொன்னார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். நீ திருப்பி அனுப்பிய போனில் அந்த இருட்டுப் படம் இருந்தது. சத்தத்தைக் கேட்டேன். உன்னிடம் கேட்டுவிடலாம் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். நீயாகச் சொல்லாததை நான் பிடுங்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அபிநயாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும். அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள், "அதுக்கு நான் இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க" என்று. நீ எட்டு மாதம் யாரை நினைத்துக் கதவைச் சாத்தினாயோ, அந்தப் பெண் அப்படிப்பட்டவள் அக்கா. இன்று அவளுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

நீலக் குடை போனை நானே வைத்துக்கொண்டேன். மலையில் டவர் எடுக்கிற போன் கீழே என்னிடம் இருக்கிறது, எடுக்காத போன் மேலே உன்னிடம் இருக்கிறது. பத்து வருஷம் போன் கடையில் வேலை பார்த்தாலும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது. பரவாயில்லை, தபால்காரர் பிழைத்துப் போகட்டும்.

தையில் கல்யாணம், மாசியில் காது குத்து. தட்டு எடுத்துக்கொண்டு நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன்.

தம்பி ராஜதுரை

•

பலாக்காட்டுப் புதூர்,
12.3.2014

அன்புத் தம்பிக்கும் அபிநயாவுக்கும்,

நீங்கள் இருவரும் நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? புது வீட்டில் தண்ணீர் வருகிறதா? தனுஷாவின் காது ஆறி வருகிறது. காலையும் மாலையும் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுகிறேன். கம்மல் அவளுக்கு அவ்வளவு அழகு. கோழிக்கு இன்னும் மாமா என்றுதான் பேர்.

கடைசி ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டீர்கள், உட்கார்ந்து பேசவே இல்லை. கண்ணை மூடினால் அந்தக் காட்சிதான் வருகிறது. கோயில் மரத்தடியில் அத்தனை சனம். வடக்கனந்தலில் இருந்து வந்த ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காதில் குத்தினார். வீறிட்டாள், நின்றுபோனாள். உதடு நீலமாகிவிட்டது. கூட்டமே எழுந்துவிட்டது. வேடியப்பன் அண்ணன் ஜீப் சாவியை உருவிக்கொண்டு ஓடி வந்தார். நீ அசையவே இல்லை தம்பி. மடியிலேயே அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணும் இல்ல, உக்காருங்க. எங்க கொழந்த அழுதா இப்டித்தான். இப்ப வந்துடுவா" என்றாய். வந்துவிட்டாள். எட்டு மாதமாக எந்தச் சனத்துக்குப் பயந்தோமோ அந்தச் சனம் முழுக்கப் பார்த்தது. பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. இன்னொரு காதை வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசாரி ஊசியைத் துடைத்தபோது, பிள்ளை வாயில் சர்க்கரையை வைத்துவிட்டு அபிநயா, "இன்னொரு காது மட்டும் சும்மா இருக்குமா? முடிச்சிடுங்க" என்றாள். அதற்கு அத்தையே சிரித்துவிட்டார்.

இப்போது அத்தைதான் போனைக் கையில் வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவரை எல்லாம் உட்கார வைத்து, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்க பேத்திக்கு மாமன் மடியில காது குத்தறத பாரு" என்று போட்டுக் காட்டுகிறார். பிள்ளை மூச்சடக்குகிற இடம் வரும்போது, "பயப்படாத, இப்ப வந்துடுவா" என்று அவரே முன்னால் சொல்லிவிடுகிறார்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்தபோது நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். சிவப்புப் புள்ளியைத் தொட்டால் ஓடவில்லை. இடம் இல்லை என்று காட்டியது. மாமா எடுத்த மரவள்ளிக் காட்டுப் படம், கோழிப் படம் எல்லாம் நிறைந்து கிடக்கிறது. எதையாவது அழிக்க வேண்டும், நேரம் இல்லை. பெரிய படமாக இருந்தது டாக்டரம்மாவிடம் காட்டியதுதான். அதைத்தான் மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதன் மேல் விரலை வைத்தேன். அழித்துவிடட்டுமா என்று போன் இங்கிலீஷில் கேட்டது. ஆமாம் என்று தொட்டுவிட்டு, உன் மடியைப் படம் எடுத்தேன்.

என்றும் அன்புள்ள அக்கா,
நர்மதா